கடைச் சீட்டில் ‘பில்லர்’ என்று வந்தால் எதை எடுத்துக் கொடுப்பது?

பெருந்துறை கடை:

வணக்கமுங்க. ஹார்டுவேர், பெயிண்ட், வெல்டிங் சாமான், பைப் சாமான் எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கிற கடை இது. பில் போடும் கம்ப்யூட்டரில் சரக்குப் பட்டியலைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். ‘பில்லர்’ என்ற ஒரே சொல்லில் வந்து வண்டி நின்றுவிட்டது. சீட்டுகளில் அது இப்படியெல்லாம் வருகிறது:

பில்லர் ராட் – 1 கிலோ
பில்லர் கம்பி – 12 எம்எம்
பில்லர் கேஜ் – 1
பில்லர் காக் – 2
பில்லர் வெள்ளை – 5 கிலோ
பில்லர் டப்பா – 1, தின்னரோடு
பில்லர் அட்டை – 18 எம்எம்

எழுதுகிறவர் மேஸ்திரி. வாங்க வருகிறவன் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆன பையன். “என்ன பில்லரு கண்ணு?” என்று கேட்டால் “பில்லர்ன்னுதானுங்ணா சொன்னாங்க” என்பான். மாறிப்போனால் சாமான் திரும்பி வரும். டப்பா பிரித்திருந்தால் நஷ்டம் யாருக்கு என்று பேச்சு வளரும்.

எந்தத் தொழிலில் எது பில்லர், கவுன்டரில் என்ன கேட்டால் பிடிபடும், மாற்றிக் கொடுத்தால் என்ன கெடும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்க. தமிழில் ஒரு பெயர் வைக்க முடியுமென்றால் அதையும்.

கணபதி டிக்:

பில்லர் ராட் பத்தி நான் சொல்றேனுங்க. மத்ததுக்கு அந்தந்தத் தொழில்காரங்க வரட்டும்.

டிக் வெல்டிங்ல டார்ச்சுக்குள்ள இருக்கிற டங்ஸ்டன் உருகாது, ஆர்க் மட்டும்தான் கொடுக்கும். ஜாயின்ட்டுல உலோகம் சேரணும்னா இன்னொரு கையில கம்பி புடிச்சு ஊட்டணும். அந்தக் கம்பிதான் ஃபில்லர் ராட். 1 மீட்டர் நீளம், மேல பூச்சு இருக்காது. சாம்பல் நிறத்துல பூச்சு இருந்தா அது ஆர்க் வெல்டிங் எலக்ட்ரோடு. அதுவும் உருகி நெரப்புறதுதான், ஆனா அதை எவரும் பில்லர்னு கேக்க மாட்டாங்க, ‘வெல்டிங் ராட்’னுதான் கேப்பாங்க.

கவுன்டர்ல ரெண்டு கேள்வி போதும்: என்ன மெட்டல், ஷீட்டு எவ்வளவு கனம்?

எஸ்எஸ்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலு, எம்எஸ்னா சாதா இரும்பு, நம்பரெல்லாம் கிரேடு. 304 எஸ்எஸ்னா 308எல் ராடு. கைப்பிடிக் கம்பி, கேட்டு வேலைக்கு வர்ற 202 குழாய்க்கும் நம்ம பக்கம் அதையேதான் போடறாங்க. 316 எஸ்எஸ்னா 316எல். சாயப்பட்டறை, கெமிக்கல் டேங்க் வேலைக்கு இதைத்தான் கொடுக்கணும், 308 போட்டா வெல்டுத் தையல் மட்டும் முதல்ல அரிச்சுப்போகும். எஸ்எஸ்ஸை எம்எஸ்ஸோட ஒட்டறதுன்னா 309எல். இங்கதான் நெறைய தப்பு நடக்குது. 308ல எம்எஸ் உருகிக் கலந்தா குரோமியமும் நிக்கலும் நீத்துப்போய், தையல் மார்ட்டன்சைட்டுங்கற கெட்டியான, நொறுங்கற இரும்பா மாறி மொறுமொறுன்னு ஆயிடும். ஆறும்போதே முடி மாதிரி விரிசல் விடும். 309ல ரெண்டும் தூக்கலா இருக்கறதால அந்தக் கலப்பைத் தாங்கும். அப்படின்னா எல்லாத்துக்கும் 309 கொடுத்துரலாமேன்னு கேக்காதீங்க. வெலை கூட, 304 வேலைக்கு அது வீண்.

சுத்த எம்எஸ் வேலைக்கு 70எஸ்-2 இல்லாட்டி 70எஸ்-6. செம்புப் பூச்சோட மினுமினுன்னு இருக்கும். அதே மாதிரி செம்புப் பூச்சோட கேஸ் வெல்டிங் ராடும் உண்டு, பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். கேஸ் ராடுல சிலிக்கானும் மாங்கனீஸும் கம்மி. அதை டிக்ல போட்டா ஆக்சிஜனை இழுத்துக் கழிக்க ஆள் இல்லாம, தையல் முழுக்க ஊசி ஓட்டை விழும். வெல்டர் கேஸு சரியில்லைன்னு சிலிண்டர்க்காரனோட சண்டைக்குப் போவான், குத்தம் ராடுல இருக்கும்.

அலுமினியம்னா 4043 அல்லது 5356. வார்ப்பு, 6063 செக்ஷன் வேலைக்கு 4043 நல்லா ஓடும். வெல்டு பண்ணிட்டு அனோடைசிங், அதாவது மின்சாரத்துல மேல்பூச்சு ஏத்தறதுக்குப் போகுதுன்னா 5356தான். 4043ல இருக்கிற சிலிக்கான் அனோடைஸ்ல கருஞ்சாம்பலா மாறி, தையல் தனியாத் தெரியும்.

சைஸு: 3 மி.மீ. வரைக்கும் ஷீட்டு கனமும் ராடு கனமும் ஏறக்கொறைய ஒண்ணா இருக்கணும். 1.5 ஷீட்டுக்கு 1.6 ராடு, 3 மி.மீ. தட்டுக்கு 2.4. மெல்லிசு ஷீட்டுக்குத் தடி ராடு கொடுத்தா, ராடு உருகறதுக்குள்ள ஷீட்டு ஓட்டையாயிடும். 

எண்ணிக்கையிலே கேட்டு வர்றவங்களுக்கு: எஸ்எஸ் 1.6 ராடு ஒண்ணு சுமார் 16 கிராம், கிலோவுக்கு 62 வாக்கில். 2.4 ராடு ஒண்ணு 36 கிராம், கிலோவுக்கு 28. “இருபது ராடு”ன்னா 1.6ல 320 கிராம்தான். கால் கிலோ போட்டா பத்தாது.

கடைக்கு ஒரு வேண்டுகோளுங்க. டப்பாவைப் பிரிச்சு உதிரியா விக்கறப்போ 308, 309, 316 மூணையும் ஒரே குழாய்க்குள்ள நட்டு வெக்காதீங்க. காந்தம் வெச்சா எம்எஸ் ராடு மட்டும்தான் பிரியும். எஸ்எஸ்ஸுக்குள்ள எது எதுன்னு காந்தத்துக்குத் தெரியாது. ராடோட ஒரு முனையிலதான் கிரேடு அடிச்சிருக்கும். வெல்டர்கிட்டயும் சொல்லுங்க, அந்த முனை கடைசி வரைக்கும் கையில இருக்கணும், மறுமுனையில இருந்து உருக்கணும்.

ஏசி மெக்கானிக் ‘பில்லர்’னு கேட்டா அது செம்புக் குழாய்க்குப் பிரேசிங் ராடு, பாஸ்பரஸ் கலந்த செம்பு. செம்பையும் செம்பையும் ஒட்டறதுக்கு ஃப்ளக்ஸ்கூட வேண்டாம். ஆனா இரும்புல அதைப் போடக்கூடாது. பாஸ்பரஸ் இரும்போட சேர்ந்து, ஒட்டின இடம் தட்டினா உதிரும்.

உடுமலை மில் ஃபிட்டர்:

சீட்டில் மூன்றாவதாக உள்ள ‘பில்லர் கேஜ்’ பில்லரே அல்ல. அது ஃபீலர் கேஜ். இடைவெளிக்குள் தகட்டை நுழைத்து, உரசுகிறதா என்று கையால் உணர்ந்து பார்ப்பதால் ஃபீலர். பட்டறைப் பேச்சில் ஃபீ குறுகி, ‘பி’ ஆகி, பில்லரோடு கலந்துவிட்டது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் அனுபவசாலிகளே ‘பில்லர் கேஜ்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த வழக்கை மாற்ற முடியாது, ஆனால் பட்டியலில் சரியாக எழுதிவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பில்லர் காக், பில்லர் கம்பி இரண்டும் தூண். பட்டறையில் நிற்கிற பில்லர் ட்ரில்லும் அதே தூண்தான். ஆக உங்கள் சீட்டில் இருப்பது நிரப்புவது, தொட்டுப் பார்ப்பது, நிற்பது என்று மூன்று ஆங்கிலச் சொல். மூன்றும் தமிழ் நாக்கில் ஒரே பில்லராகிவிட்டன.

கேஜ் விஷயத்துக்கு வருகிறேன். கேட்க வேண்டியது: மில்லிமீட்டரா, தௌவா? எந்த மெஷினுக்கு?

டிராக்டர், லாரி, பைக் இன்ஜினில் டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி, வைக்க 0.05 முதல் 1.00 மி.மீ. வரை உள்ள சாதாரண செட் போதும். மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் மெஷினின் செட்டிங் பார்க்கக் கேட்டால் அதைக் கொடுக்காதீர்கள். அதற்கு நீளக் கைப்பிடியோடு இலை அகலமாக இருக்கிற லீஃப் கேஜ் தனி. 5, 7, 10 தௌ என்று கேட்பார்கள். 1 தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ.; 10 தௌ ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்.

டாப்பெட் வைக்கும்போது நடக்கிற தப்புகள் எல்லாம் கேஜ் மேல் பழியாக உங்கள் கடைக்குத் திரும்பும். அதனால் சிலவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தகடு மிகவும் லேசாக, எண்ணெய் தடவிய காகிதத்தை இழுப்பதுபோல உரசி வர வேண்டும். பலத்தைக் கொடுத்துத் திணித்தால் இடைவெளி நினைத்ததைவிடச் சின்னது என்று அர்த்தம். இடைவெளி குறைந்தால் வால்வு முழுதாக உட்காராது. உட்காராத வால்வுக்குச் சூட்டை வெளியேற்ற வழியில்லை, விளிம்பு எரிந்துபோகும். இடைவெளி கூடினால் சத்தம் கேட்கும், வால்வு திறக்கிற அளவு குறையும். சத்தம் வருகிற இன்ஜின் தன் நோயைச் சொல்லிவிடும். சத்தமே இல்லாத டைட் டாப்பெட்தான் ஆபத்து.

வால்வை அழுத்துகிற ராக்கர் கையின் முனை தேய்ந்து நடுவில் குழி விழுந்திருந்தால் தட்டையான தகடு குழியின் இரு கரைகளில் உட்காரும். கேஜ் 0.25 என்று சொல்லும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். “புது கேஜ் தப்பாக் காட்டுது” என்று யாராவது வந்தால் முதலில் ராக்கரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இல்லாத அளவுக்கு இரண்டு தகடு சேர்த்து வைக்கலாம். ஆனால் நடுவில் எண்ணெய்ப் படலமும் தூசியும் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்று நான்கு என்று அடுக்கினால் அளவு நம்பத்தக்கதல்ல. 0.05 தகடுதான் முதலில் மடங்கும். அது உதிரியாகக் கிடைத்தால் வாங்கி வையுங்கள், நன்றாகப் போகும்.

பெருந்துறை கடை:

ஃபீலர் விஷயம் கண்ணைத் திறந்துவிட்டதுங்க. அப்படியென்றால் பில்லர் காக்குக்கும் ஒரு கேள்வி வேண்டும். சுவர்க் குழாயைக் கொடுத்து இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறது.

பெயிண்ட் பக்கத்தில் இன்னொரு சந்தேகம். ‘பில்லர் டப்பா’ வாங்கினவர்கள் பிறகு வந்து ஹார்டனர் மட்டும் தனியாகக் கேட்கிறார்கள். ஃபைபர் ரெசின் வேலைக்குத் தண்ணீர் மாதிரி ஒரு ஹார்டனர் விற்கிறோமே, அதைக் கொடுக்கலாமா?

உடுமலை மில் ஃபிட்டர்:

காக்குக்கு ஒரே கேள்வி: வாஷ்பேசின் மேல் நிற்பதா, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதா? நிற்பது பில்லர் காக். திருகுத் தண்டு கீழ்நோக்கி இருக்கும், பேசின் ஓட்டைக்குள் இறங்கி அடியில் வாஷரும் செக்நட்டும் போட்டு இறுக்குவது. நீட்டிக்கொண்டிருப்பது பிப் காக். பேசினுக்கு என்றால் கனெக்‌ஷன் பைப்பும் சேர்த்துக் கேளுங்கள், அதை மறந்துவிட்டுத்தான் பையன் மறுபடி வருவான்.

நாமக்கல் பட்டி:

தயவு செஞ்சு அந்தத் தண்ணி ஹார்டனரைக் குடுத்துறாதீங்ணா!

பில்லர் டப்பான்னா லாரி பாடி, கார் டிங்கரிங்குக்குப் போற பாலியஸ்டர் புட்டி. எங்க பட்டறையில பட்டின்னுதான் சொல்லுவோம். பட்டி பாக்கறதுன்னாலே இதுதான். டப்பாவோட வர்ற டியூப்ல செவப்பா பேஸ்ட் மாதிரி இருக்கறது பென்சாயில் பெராக்சைடு. ஃபைபர் வேலைக்குத் தண்ணி மாதிரி வர்றது எம்இகேபி. அது கோபால்ட் கலந்த ரெசினை இறுக வெக்கறது. பட்டியில கோபால்ட் கெடையாது, அதுக்கு வேற முடுக்கி. தண்ணி ஹார்டனரை ஊத்தினா பட்டி சவசவன்னு அரைகொறையா நின்னுரும், சொரண்டி எடுக்கறது ரெண்டு நாள் வேலை. அந்தத் தண்ணி கண்ணுல தெறிச்சா பார்வைக்கே ஆபத்து. அதைப் பையன் கையில உதிரியா ஊத்திக் குடுக்கவே கூடாது.

ஹார்டனர் ஏன் முன்னாடியே தீருதுன்னா அளவு தெரியாமப் போடறதுதான். நூறு கிராம் பட்டிக்கு 2 கிராம். கிலோ டப்பாவுக்கு 20 கிராம் டியூப் அதுக்குத்தான். வெயில் காலத்துல ஒண்ணரை கிராம்கூடப் போதும், மார்கழிக் காலையில 3 வரைக்கும் போகலாம். அதுக்கு மேல ஏத்தினா சீக்கிரம் காயும்னு நெனைச்சுப் போடறாங்க. காஞ்சுரும், ஆனா மிஞ்சின பெராக்சைடு மேல அடிக்கிற பெயிண்ட்டு வழியா ஏறி, மஞ்சளாக் கறை போடும். வெள்ளை, வெளிர்நீலம் வண்டியில பளிச்சுன்னு தெரியும். கம்மியாப் போட்டா மேலாப்புல பிசுபிசுப்பு போகாது, எமரி காகிதம் அடைச்சுக்கும்.

கலக்கறது இரும்புத் தகட்டு மேல, பிளேடால மடிச்சு மடிச்சு. நிறம் ஒரே மாதிரி ஆகணும், செவப்புக் கோடு தெரியக்கூடாது. ஸ்பூனால சுத்திக் கலக்கினா காத்து உள்ள போயி, தேய்க்கறப்போ ஊசி ஓட்டையாத் தொறக்கும். கலந்தப்பறம் கையில அஞ்சாறு நிமிசம்தான். மிச்சத்தை டப்பாவுக்குள்ள திருப்பிப் போட்டா டப்பாவே கல்லாயிரும்.

எதுக்கு மேல பூசறதுங்கறது முக்கியம். பெயிண்ட்டை எடுத்து, தகரத்தை 80 நம்பர்ல சொறசொறப்பாக்கி, துரு இல்லாம, ஈரம் இல்லாம இருக்கணும். துரு மேல பூசினா ஆறு மாசத்துல கொப்புளம். ஆசிட் கலந்த வாஷ் பிரைமர் மேல நேராப் பூசினா பட்டி புடிக்காது. ஒரு பூச்சு 2, 3 மி.மீ.க்குள்ள, பள்ளம் ஆழம்னா தட்டி எடுக்கணும். டிங்கர் வேலையைப் பட்டியால மூடப் பாத்தா, வண்டி ஒரு பள்ளத்துல குதிச்சதும் தட்டாட்டம் கழண்டு விழும். 80, 180, 320னு தேய்ச்சு எறங்கணும். கடைசியாத் தெரியற ஊசி ஓட்டைக்கு மட்டும் என்சி புட்டி, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் புட்டி. அது தின்னர் ஆவியாகிக் காயறது, ஹார்டனர் இல்லை. அதைத் தடிமனாப் பூசினா மேல காஞ்சு உள்ள ஈரமா இருக்கும். பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம் கழிச்சுச் சுருங்கி, பழைய பள்ளம் அப்படியே எட்டிப்பாக்கும்.

கவுன்டர்ல கேக்க வேண்டியது: “ஹார்டனர் போட்டுக் கலக்கறதா, அப்படியே பூசறதா?” கலக்கறதுன்னா பாலியஸ்டர், அப்படியேன்னா என்சி. தின்னரோட கேட்டிருக்காங்கன்னா பெரும்பாலும் ரெண்டாவது. பாலியஸ்டர்ல தின்னர் ஊத்தக் கூடாது.

கோபி சைட்:

பில்லர் வெள்ளை 5 கிலோ, பில்லர் அட்டை, பில்லர் கம்பி மூன்றும் எங்கள் பக்கத்துச் சீட்டு.

கம்பி எளிது. தூணுக்கு வேண்டிய டிஎம்டி இரும்புக் கம்பி. 12 எம்எம் மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளம் சுமார் 10.7 கிலோ. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் எந்தக் கம்பிக்கும் மீட்டர் எடை வந்துவிடும். ‘பில்லர் ராட்’ என்று கட்டட ஆள் எழுதினாலும் இதுதான், வெல்டர் எழுதினால்தான் கணபதி அண்ணா சொன்னது. எம்எம் பார்த்தாலே தெரிந்துவிடும்: 1.6, 2.4 என்று புள்ளி வைத்து எழுதுகிறவர் வெல்டர்; 8, 10, 12, 16 என்று எழுதுகிறவர் கம்பி கட்டுகிறவர்.

வெள்ளைக்குக் கேள்வி: டைல்ஸுக்கா, சுவருக்கா?

டைல்ஸ் என்றால் கிரவுட், ஜாயின்ட் ஃபில்லர். பழக்கத்தில் இதைச் சுவர்ப் புட்டியால் ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. புட்டி மெல்லிசாகத் தேய்க்கப் பிறந்தது; தரையில் நாலு முறை மாப் போட்டால் மாவாகக் கரைந்து வந்துவிடும். எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் கணக்கு இருக்கிறது: டைலின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்து, அதை டைல் கனத்தாலும் இடைவெளியாலும் 1.6ஆலும் பெருக்கினால் சதுர மீட்டருக்குக் கிலோ. எல்லா அளவும் மில்லிமீட்டரில். 600க்கு 600 டைல், 9 கனம், 2 இடைவெளி என்றால் 0.096 கிலோ. ஆயிரம் சதுர அடி 93 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 9 கிலோ. சேதாரம் சேர்த்து 10. டைல் சின்னதானால் கூடும். 300க்கு 300 போட்டால் அதே தரைக்கு இரண்டு மடங்கு.

குளியலறைக்கு எபாக்சி கேட்டால் அது மூன்று பொட்டலம்: ரெசின், ஹார்டனர், மூன்றாவது பவுடர். அந்தப் பவுடருக்கும் பெயர் ஃபில்லர்தான்! “பில்லர் மட்டும் தீந்துபோச்சு, ஒரு பாக்கெட்டு” என்று வருகிறவர் கேட்பது இதையாக இருக்கலாம். உதிரியாகக் கிடைக்காது, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும். பவுடரைக் குறைத்துப் போட்டால் இடுக்கில் நிற்காமல் வழியும். சாதா கிரவுட் மாவைச் சேர்த்தால் நிறம் திட்டுத்திட்டாக வரும். கலந்த பின் அரைமணி நேரத்துக்குள் பூசி, டைல் மேல் படிந்ததை உடனே ஈர ஸ்பாஞ்சால் எடுத்துவிட வேண்டும். மறுநாள் வந்து துடைக்கலாம் என்று விட்டால் அது நிரந்தரம்.

சுவர் என்றால் கிராக் ஃபில்லர் பேஸ்ட். விரிசலை ‘வி’ வடிவில் 5 மி.மீ.க்குக் குறையாமல் திறந்து, தூசி தட்டி, ஈரப்படுத்தி, இரண்டு தவணையாக அடைக்க வேண்டும். திறக்காமல் மேலே தேய்த்தால் பெயிண்ட்டைத்தான் நிரப்புகிறோம். ஆனால் தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடாக விழுகிற விரிசலுக்குப் பேஸ்ட் விற்காதீர்கள். “பில்லர் ஓரத்துக்கு பில்லர்” என்றே கேட்பார்கள்! அங்கே கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் நீளும். பூச்சை 30 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கொத்தி, இரு பக்கமும் 15 வருமாறு கோழிவலை அடித்து மறுபடி பூசினால்தான் நிற்கும். அவருக்குத் தேவை வலையும் ஆணியும்.

அட்டை என்பது எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டுக்கு, அதாவது கான்கிரீட் விரிய விடுகிற இடைவெளிக்கு, வைக்கிற தார் ஊறிய ஃபைபர் போர்டு. 12, 18, 25 மி.மீ. கனத்தில் வரும். அட்டையின் வேலை இடத்தைப் பிடித்துவைப்பதும், கான்கிரீட் விரியும்போது நசுங்கிக் கொடுப்பதும். தண்ணீரைத் தடுப்பது மேலே அடிக்கிற சீலன்ட். அதனால் அட்டையை மேல்மட்டம் வரை வைக்காமல் சீலன்ட்டுக்கு இடம் விட்டு நிறுத்த வேண்டும். தெர்மாகோல் மாற்றாகாது. அது கான்கிரீட் போடும்போதே உடைந்து, உள்ளே கலவை பாலமாகிவிடும்; பாலம் விழுந்த ஜாயின்ட் ஜாயின்ட்டே அல்ல.

இன்னொரு பில்லர் உண்டு, ஆனால் உங்கள் கடையில் விற்பதல்ல: ஃபில்லர் ஸ்லாப். கூரைக் கான்கிரீட்டின் அடிப்பாகம் இழுவிசையைத் தாங்குவதில்லை. அங்கே வேலை செய்வது கம்பி. சும்மா கிடக்கிற அந்தக் கான்கிரீட்டுக்குப் பதில் மங்களூர் ஓட்டை வைத்துவிடுவது. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை, நம் பக்கத்திலும் பழைய ஓடு சல்லிசாகக் கிடைப்பதால் விரும்புகிறார்கள். ஓட்டை ஊறவைத்துப் பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் கலவையின் தண்ணீரை அது குடித்துவிடும். பால்கனி, சன்ஷேடு போல நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் வைக்கவே கூடாது. அங்கே இழுவிசை மேலே, அமுக்கம் கீழே. சுவருக்கும் பீமுக்கும் ஒட்டின பகுதியும் அப்படித்தான்.

காங்கயம் தொட்டிப்பொடி:

சின்னதாக ஒன்று. எங்கள் பக்கம் தேங்காய்த் தொட்டியை (கொட்டாங்குச்சி) மாவாக அரைத்து அனுப்புகிறார்கள். வாங்குகிற பிளைவுட் ஆலைக்காரர் அதை ‘ஃபில்லர்’ என்றுதான் பில்லில் எழுதுவார். பீனால் பசையில் கலப்பது. பசை மரத்துக்குள் உறிஞ்சிப் போய்விடாமல், இரண்டு மரத்தாளுக்கு நடுவில் நிற்க வைப்பது அதன் வேலை. பசைக்குச் சிலர் மைதாவும் கலப்பார்கள். அது ஃபில்லர் அல்ல, எக்ஸ்டெண்டர். மைதாவுக்குத் தானே ஒட்டுகிற குணம் உண்டு, தொட்டிப்பொடிக்கு இல்லை. மைதா அதிகமானால் பூஞ்சையும் பூச்சியும் வரும்.

இங்கே எண்ணெய் ஆலைகளில் ‘பில்லர் வாசர்’ என்று கேட்டால் அது பாட்டில் நிரப்பும் மெஷினின் நாசில் சீல். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் குழாயில் கெட்டியாகி, அளவு குறைந்து விழும். அப்போது வாசர் தேய்ந்துவிட்டது என்று மாற்றக் கேட்பார்கள். எண்ணெய்த் தொட்டியைச் சூடு செய்து பார்த்த பிறகு மாற்றச் சொல்லுங்கள்.

சீனாபுரம் வாத்தியார்:

தமிழ்ப் பெயர் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றுக்கும் ‘நிரப்பி’ என்று போட்டால் குழப்பம் அப்படியே தமிழுக்கு மாறும், அவ்வளவுதான். பெயர் ஏற்கெனவே இருக்கிற இடத்தில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக்குப் பட்டி. டைலுக்கு இடுக்குப்பூச்சு என்றால் எவருக்கும் புரியும். டிக் கம்பிக்கு மட்டும் ‘நிரப்புக் கம்பி’ பொருந்தும்.

இந்தச் சொல்லின் பேச்சு வகை ஒன்றும் உண்டு. “வந்து”, “அதாவது”, “பாத்தீங்கன்னா” என்று யோசிக்கிற நேரத்தில் வாயை நிரப்புகிறவை. இவற்றுக்கு இலக்கணத்தில் இடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். நம் சீனாபுரத்தையே சொந்த ஊராகச் சொல்லப்படுகிற பவணந்தி முனிவர், நன்னூலில் இடைச்சொல்லை எட்டாகப் பிரித்தபோது இசைநிறையையும் அசைநிலையையும் தனித்தனியாக வைத்தார். ஓசை குறையும் இடத்தை நிறைப்பது இசைநிறை. பொருளின்றிச் சார்ந்து நிற்பது அசைநிலை. யா, கா, பிற, அரோ, போ, மாது என்று அசைகளுக்குப் பட்டியலே கொடுத்திருக்கிறார். ஆனால் கொங்குப் பேச்சின் ‘ங்க’ இதில் சேராது. “வாங்க” என்பதில் அதை எடுத்துவிட்டால் மரியாதை போய்விடும். எடுத்தால் எதுவும் குறையாததுதான் அசை.

பத்திரிகைக்காரர்கள் பக்கத்தின் அடியில் மிஞ்சுகிற இடத்துக்குப் போடும் ஃபில்லருக்குத் ‘துணுக்கு’ என்று அழகான பெயர் உண்டு. ஹங்கேரியில் ஃபில்லேர் என்று ஒரு காசே இருந்தது, நூறு சேர்ந்தால் 1 ஃபோரின்ட். 1999க்குப் பிறகு புழக்கத்தில் இல்லை. அதைக் கேட்டு உங்கள் கடைக்கு எவரும் வரப்போவதில்லை.

பெருந்துறை கடை:

எல்லோருக்கும் நன்றிங்க. சீட்டில் இருந்த ஏழும் பிரிந்துவிட்டன. ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. ‘ஃபில்லர்’ என்று ஆய்த எழுத்தோடு சரியாக அடித்தால், பட்டியலில் அது ‘ப’ வரிசையில் வராமல் ‘அ’வுக்கும் முன்னால், முதல் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கடைப் பையன் ‘பி’ என்று அடித்துத் தேடினால் சாமான் இல்லை என்று காட்டுகிறது.

கோபி சைட்:

யுனிகோடில் ஆய்த எழுத்துக்கு உயிரெழுத்துகளுக்கு முன்னால் இடம் கொடுத்திருக்கிறார்கள். மென்பொருள் அந்த எண் வரிசையிலேயே அடுக்குகிறது. எழுத்தை மாற்றிப் பயனில்லை. பெயரின் முதல் சொல்லாக ஃபில்லரை வைக்காதீர்கள். சாமானை முன்னால் போடுங்கள்: ‘ராட் டிக் 308எல் 1.6’, ‘கேஜ் ஃபீலர் மி.மீ.’, ‘பட்டி பாலியஸ்டர் 1 கிலோ’, ‘கிரவுட் டைல் வெள்ளை 5 கிலோ’, ‘அட்டை ஜாயின்ட் 18’, ‘குழாய் பேசின் பில்லர்’, ‘கம்பி டிஎம்டி 12’. பெரும்பாலான பில்லிங் மென்பொருளில் மாற்றுப்பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். ஏழிலும் அந்தக் கட்டத்தில் ‘பில்லர்’ என்று ஆய்தம் இல்லாமல் அடித்து வையுங்கள். பையன் ‘பில்லர்’ என்று தேடினால் ஏழும் வரிசையாக வரும், எதிரே நிற்கிறவரிடம் எது என்று கேட்டுக்கொள்வான்.

கணபதி டிக்:

அந்தக் கட்டத்துல 309ஐயும் 316ஐயும் மறந்துறாதீங்க. ராட் மட்டுமே மூணு வரி வரணும்.